குறையறிந்து மருந்திடுதல்

புற்றுநோய் என்பது ஒரு நோயன்று; பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயரே அஃது. நுரையீரலில் தோன்றும் புற்றுக்களும் தம்முள் வேறுபட்டன. ஆதலின், மருந்துக்கு முன்னர்ச் சோதனை வேண்டுமென்பதும், அச்சோதனை சிற்றூராருக்கும் எட்டவேண்டுமென்பதும் நம் கருத்தாம்.

உயிரணு ஒவ்வொன்றிலுமுள்ள டி.என்.ஏ. நாடோறும் ஆயிரக்கணக்கான ஊறுகளை அடைகின்றது. அவற்றை உயிரணு தானே செப்பனிட்டுக்கொள்ளும். இம்முறைகளை ஆராய்ந்து விளக்கிய லிண்டால், மாட்ரிச், சஞ்சார் என்னும் மூவர்க்கு 2015-ஆம் ஆண்டில் இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

நம் அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாய்க்கரையை இதற்கு உவமையாகக் கொள்வோம். சிறு வெடிப்பை மண்ணிட்டுப் பூசுவார் ஒரு சாரார். பெரிய உடைப்பை அடைப்பார் மற்றொரு சாரார். சில புற்றணுக்களில் பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணு பழுதுற்றமையால் இரண்டாஞ்சாரார் இலர். ஆங்கே ஒலாபரிப் என்னும் மருந்து முதற்சாராரையும் தடுத்துவிடின், வெடிப்பு உடைப்பாகிப் புற்றணு மாளும். நல்லணுவோ உடைப்படைப்பார் உண்மையாற் பிழைக்கும். இம்மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவில் சூலகப் புற்றின்பொருட்டு ஒப்புதல் கிடைத்தது. செப்பக்குறையுடைய சில நுரையீரற் புற்றணுக்களும் இதற்கு எளிதில் மாளுதல் ஆய்வுக்கூடத்திற் காணப்பட்டுள்ளது. எனினும் அந்நோயாளர்க்கு இஃது இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை.

ஆயினும், குறையறிந்து மருந்திடும் நெறி நுரையீரற் புற்றில் முன்னரே வேரூன்றியுள்ளது. இ.ஜி.எப்.ஆர். என்னும் மரபணு மாறிய புற்றுக்கு ஜெபிடினிப் நன்கு பயன்படுமென்பது 2004-இல் தெளிவாயிற்று. அம்மாற்றம் ஆசியரிடத்தும், புகை பிடியாதாரிடத்தும் மிகுதி.

"ஏழைக்கு மருந்தே அரிதாயிருக்கச் சோதனை எற்றுக்கு?" என வினவுவாருளர். சோதனையின்றி வாங்கும் மருந்தன்றோ பெருஞ்செலவு! அம்மரபணு மாறாதவர்க்கு ஜெபிடினிப்பினும் பழைய மருந்துகளே மேலென்பதை ஆசிய நாடுகளில் நடந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பொருந்தா மருந்தால் பொருளும் போம், காலமும் போம். நுரையீரற் புற்றினர்க்குக் காலமே உயிர்.

"அறந்தாங்கியார் சென்னைக்கு ஓடவேண்டுமோ?" எனின், வேண்டுவதில்லை. மெழுகிற் பதித்த திசுத்துணுக்கை அனுப்பினாற் போதும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசினர் மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. அத்தகைய மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலிருந்தும் துணுக்கு பெருநகர்ச் சோதனைச்சாலைக்குச் செல்லவும், முடிவு விரைவில் மீளவும், செலவை அரசு ஏற்கவும் நிலையான ஏற்பாடு வேண்டும்.

1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரை உளத்திற்கொண்டு, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கச் செய்தார். அம்மையாரைப் பெற்ற மாவட்டத்தார் இதனை வேண்டுதல் மிகையாகாது.

தமிழ் பயிலும் நமக்கும் ஒரு கடனுண்டு. தன் நோயின் குறை இன்னதென நோயாளி தன் மொழியில் அறிந்தாலன்றி, சோதனையைக் கேட்டுப் பெறான். அதனை உழவர்க்கும் விளங்கும் எளிய தமிழில் எழுதித் தருதல், இலக்கியம் கற்றார் இன்றே தொடங்கற்குரிய பணியாம்.