ஓதலாம், எழுதலாகாதோ?

திருமறையின் முதல் வெளிப்பாட்டை நம் மேடைகளில் கேளாதார் இலர். மீலாது விழாவாயினும், மதரஸாவின் பட்டமளிப்பு விழாவாயினும், பள்ளிக்கூடத்தின் அடிக்கல் நாட்டு விழாவாயினும், ஓதுமாறு பணித்த அந்த முதற்கட்டளையை எடுத்துரைத்தே சொற்பொழிவாளர் தம் பேச்சைத் தொடங்குகிறார். கல்விக்கு இஸ்லாம் அளித்த உயர்விடம் விளக்கப்படுகிறது, அவையோர் மகிழ்கின்றனர், விழா இனிதே முடிகிறது. ஆனால் ஹிராக் குகையில் இறங்கிய அந்த ஐந்து வசனங்களில் ஓதுதல் மட்டுமா பேசப்படுகிறது? எழுதுகோலும் பேசப்படுகிறது. இறைவன் மனிதனுக்குக் கற்பித்த கருவியாக அங்கே குறிக்கப்படுவது எழுதுகோலே. இறைவன் இணைத்துச் சொன்ன இரண்டையும் பிரித்து, ஓதுதலைப் பெண்ணுக்கும் எழுதுகோலை ஆணுக்குமாகப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரத்தை நம் சமுதாயத்துக்கு வழங்கியவர் யார்? இதுவே நாம் எழுப்பும் வினா.

இது கற்பனைக் குற்றச்சாட்டன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலான கடற்கரைப் பட்டினங்களின் பழைய வாழ்க்கையை அறிந்தோர் இதனை அறிவர். அங்கே பெண் பிள்ளைகள் அறிவின்மையில் விடப்பட்டனர் என்று கூறுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். அயல்வீட்டு உஸ்தாது பீயிடம் அமர்ந்து அலிஃப் முதலாகத் தொடங்கித் திருக்குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தவர்கள் அவர்கள். அரபெழுத்து தெரிந்திருந்ததால், அவ்வெழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தது. மார்க்கச் சட்ட நூல்களையும் மாலைகளையும் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் அவர்கள் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்க்குப் படித்துக் காட்டினார்கள். வீட்டு முற்றமே அவர்களுக்கு நூல் நிலையமாயிற்று.

ஆயினும் அந்தக் கல்வி ஓரெல்லையில் நிறுத்தப்பட்டது. பலகையில் எழுதப்பட்டதை ஓதக் கற்றவள், பலகையில் எழுதக் கற்பிக்கப்படவில்லை. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவரை எழுத்தறிவு பெற்றவராகக் கொள்வதில்லை என்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. நூறு பாடல்களை மனப்பாடமாக ஒப்புவிக்கவும், அரபுத்தமிழ் நூலொன்றைத் தங்குதடையின்றிப் படிக்கவும் வல்ல தாய், அரசின் ஏட்டில் எழுத்தறிவற்றோர் வரிசையில் நின்றாள். அரசின் வரையறை கொடியதா? இல்லை. எழுதுகோல் இல்லாத கல்வி அரைக் கல்வியே என்னும் உண்மையைத்தான் அது உரைக்கிறது.

எழுதுகோல் ஏன் மறுக்கப்பட்டது? மறைப்பானேன்? எழுதத் தெரிந்தால் பெண் கடிதம் எழுதுவாள் என்னும் அச்சமே காரணம். யாருக்கு எழுதுவாள் என்ற சந்தேகம் அந்த அச்சத்தின் தாய். அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஆடவர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சபுர் சென்ற சமுதாயம் இது. கணவன் எழுதிய கடிதத்துக்கு மனைவி மறுமொழி அனுப்ப வேண்டுமானால், தம்பியையோ அண்டைவீட்டுப் பையனையோ அழைத்துச் சொல்லிச் சொல்லி எழுதச் செய்தாள். கணவனிடம் மட்டுமே சொல்லத்தக்க துயரங்களை இன்னொருவன் காதில் ஓதவேண்டிய நிலை! மாமியார் வீட்டு மனத்தாங்கலையும், மேனியின் நோவையும், வராத பணத்தையும் பிறன் கைவழியே எழுதினால் எத்தனை சொற்கள் எஞ்சும்? பெண்ணின் மறைவைக் காக்கவென்று விதித்த தடை, அவளுடைய மறைவான வாழ்வையே பிறர் முன் திறந்து வைத்தது.

இத்தடைக்கு மார்க்கத்தின் போர்வையும் போர்த்தினார்கள். பெண்களுக்கு எழுதக் கற்பிக்க வேண்டாம் என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்ததாக இமாம் ஹாகிம் (ரஹ்) தம் தொகுப்பில் அதனைச் சேர்த்தார். அத்தொகுப்பை ஆய்ந்த இமாம் தஹபீ (ரஹ்) அது புனையப்பட்டது என்று தீர்ப்புரைத்தார். ஹதீஸ் கலையில் தஹபீயின் தகுதியை அறியாதவர் நம் உலமாப் பெருமக்களுள் உண்டோ? தீர்ப்பு வந்து நூற்றாண்டுகள் பல கடந்தும், தள்ளுபடியான வழக்கைக் காட்டிப் பெண்ணின் எழுதுகோலைப் பறிமுதல் செய்தது எந்த நீதி?

அதே வேளையில், அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்ற ஓர் அறிவிப்பை மேடையில் எடுத்துரைப்பார் அரியர். அப்துல்லாஹ்வின் மகளார் ஷிஃபா (ரலி) எழுத்தறிந்த பெண்மணி. அவர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தார். அவ்வாறு எழுதக் கற்பித்ததைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சுட்டி, நோய் தீர்க்க ஓதும் முறையையும் அவ்வாறே ஹஃப்ஸாவுக்குக் கற்பிக்கலாகாதா என்று ஷிஃபாவிடம் வினவினார்கள். ஒரு பெண் ஆசிரியை, ஒரு பெண் மாணவி, பாடமோ எழுத்து, இடமோ நபிகளாரின் இல்லம். இதற்கு மேலும் சான்று வேண்டுமா? எழுதக் கற்ற அந்த ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே, கலீஃபா அபூபக்ர் (ரலி) காலத்தில் தொகுக்கப்பட்ட திருமறை ஏடுகள், உமர் (ரலி) அவர்களுக்குப் பின் பாதுகாப்பாக இருந்தன.

பதினோராம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த பேராசிரியை கரீமா அல்-மர்வஸிய்யா ஆவார். கதீப் அல்-பக்தாதீ போன்ற பேரறிஞர்கள் அவரிடம் பாடம் கேட்டனர். மாணவர் எழுதிய படியைத் தம் மூலப்படியோடு ஒப்பிட்ட பின்னரே அவர் அறிவிப்புக்கு இசைவளித்தார் என்று வரலாற்றாசிரியர் குறிக்கின்றனர். ஆடவர் எழுதியதைத் திருத்திய பெண்ணின் பெயர் நம் வரலாற்றில் இருக்க, தன் பெயரை எழுதத் தெரியாத பெண்ணை மார்க்கத்தின் அடையாளமாகக் காட்டியது பெருங்கொடுமை.

தமிழ்ச் சூழலிலும் எழுதுகோலைக் கைவிடாத பெண்டிர் இருந்தனர். கீழக்கரையில் செய்யிது ஆசியா உம்மா மெய்ஞ்ஞானப் பாடல்களை யாத்தார். கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை 1882-ஆம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியவர். சமுதாயத்தின் எதிர்ப்புக்கு இடையே பெண்கல்வியை வற்புறுத்தியவர். நாகூரில் 1917-இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. அவர் எழுதிய ‘காதலா கடமையா’ புதினம் 1938-இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்! மூன்றாம் வகுப்பே அவரை அவ்வுயரத்துக்குக் கொண்டு சென்றதென்றால், பத்தாம் வகுப்பும் கல்லூரியும் கிடைத்திருப்பின் எங்கு கொண்டு சென்றிருக்கும்? நம் காலத்துக் கவிஞர் சல்மா பதின்பருவத் தொடக்கத்திலேயே பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டவர். பெயர் மறைத்து எழுதியவர். 2001-இல் பேரூராட்சித் தலைவராகவும் 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் ஆனார். இவர்களைக் காட்டி, ‘படிப்பில்லாமலே உயரலாம்’ என்று வாதிடுவோர் உளர். தடைகளைத் தாண்டியவர் ஒருவரை எண்ணுகிறீர்கள். தடையிலேயே நின்றுவிட்ட ஆயிரவரை யார் எண்ணுவது?

‘இவையெல்லாம் பழங்கதை, இன்று நம் பெண்கள் பட்டதாரிகள்’ என்பர் சிலர். மகிழ்ச்சியே. நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955-இல் சென்னையில் மகளிர் கல்லூரி எழுந்தது. கீழக்கரையிலேயே 1988-இல் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தோன்றியது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம் பெண்களின் எழுத்தறிவு 50.1 விழுக்காடாக இருந்தபோது, தமிழ்நாட்டு முஸ்லிம்களின் மொத்த எழுத்தறிவு 82.9 விழுக்காடாக, மாநிலச் சராசரியைவிட மேலோங்கி நின்றது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த எழுதுகோல் இன்று எதை எழுதுகிறது என்பதே நம் கேள்வி.

திருமண அழைப்பிதழைப் பாருங்கள். ‘தீன்குலச்செல்வி’ என்னும் அடைமொழியோடு, மணமகளின் பெயருக்குப் பின்னே பட்டம் பளபளக்கிறது. இறுதியாண்டுத் தேர்வு முடியுமுன்னரே மணநாள் குறிக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேர்? தொடர்ந்து படிக்கலாம் என்று நிச்சயத்தன்று கொடுத்த வாக்கு, வலீமா விருந்தோடு செரித்துப் போன வீடுகள் எத்தனை? மகளுக்கு வீடு கொடுக்கும் நல்வழக்கம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உண்டு. அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிட்ட மகளிர் எத்தனை பேர்? ‘இங்கே போடு’ என்று விரல் காட்டிய இடத்தில் போட்டவர் எத்தனை பேர்? அன்று பாட்டி கைநாட்டு வைத்தாள். இன்று பேத்தி கையெழுத்து வைக்கிறாள். முடிவெடுத்தவர் அன்றும் வேறொருவர், இன்றும் வேறொருவர் என்றால், மை மாறியதன்றி மாறியது வேறென்ன?

மறுப்புரைகளையும் நாம் கேளாமலில்லை. மிகுதியாகப் படித்தால் மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்கிறார்கள். பள்ளிப் படிப்போடு மகனுக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்து விமானமேற்றியவர் யார்? மகன் படிக்கவில்லை என்பதற்காக மகளின் படிப்பை வெட்டுவது, ஒரு கால் குட்டையென்று மறு காலையும் தறிப்பது போன்றது. நெடுந்தொலைவு அனுப்ப அஞ்சுகிறோம் என்கிறார்கள். அச்சம் நியாயமே. அதற்கு விடை பேருந்தும் விடுதியும் துணையும் ஏற்பாடு செய்வது. பெண்ணை வீட்டில் நிறுத்துவதன்று. ஆலிமா பட்டம் போதாதா என்கிறார்கள். மார்க்கக் கல்வி இன்றியமையாதது. ஆயினும் அவ்வாறு ஓதிய ஆலிமாவிடம் ஜமாஅத் என்றேனும் ஒரு தலாக் வழக்கில் கருத்துக் கேட்டதுண்டா? இல்லையெனில் ஆலிமாவுக்கும் வழங்கப்பட்டது ஓதும் உரிமை மட்டுமே.

ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பர் முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு அடைபட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. நம் இதழ்களும் இயக்கங்களும் அதனைக் கண்டித்தன, கண்டிக்க வேண்டியதே. மார்க்கத்தின் பேரால் மார்க்கத்துக்கு இழைக்கப்படும் களங்கம் அது. எனினும் காபூலைக் கண்டிப்பது எளிது. அங்கே ஆணையிட்டு அடைத்த கதவை, இங்கே அன்பின் பேரால், மானத்தின் பேரால், மாப்பிள்ளையின் பேரால் ஓசையின்றிச் சாத்துகிறவர்களிடம் கேள்வி கேட்பதே கடினம். அக்கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

நாம் வேண்டுவன பெரியனவல்ல. ஜமாஅத்துகள் ஒவ்வொரு ஆண்டும் தம் எல்லைக்குள் படிப்பை நிறுத்திய பெண் பிள்ளைகளின் கணக்கை எடுக்கட்டும். காரணம் வறுமையாயின் ஸக்காத்திலிருந்து உரியவருக்கு உதவட்டும். படிப்பைத் தொடர்வதற்கான வாக்குறுதியை வாய்ச்சொல்லாக விடாமல், நிக்காஹ்வின்போதே எழுத்தில் பதியட்டும். மஹர் தொகையை எழுத இடமுள்ள தஃப்தரில் இதற்கும் ஒரு வரி இடமிருக்கும். மகளிர் கல்லூரி, மகளிர் மதரஸா ஆகியவற்றின் ஆட்சிக்குழுக்களில் மகளிரே அமரட்டும். சம்மதம் கேட்கச் செல்வோர் தஃப்தரை மணமகள் முன் விரித்து வைத்து, அவள் படித்து முடிக்கும் வரை காத்திருக்கட்டும். கன்னியின் சம்மதத்தைக் கேட்கச் சொன்ன மார்க்கத்தில், அவள் படிப்பதற்குக் கால் மணி நேரம் காத்திருப்பது பாரமாகுமா?

சமுதாயப் பெரியோரே! ஓதச் சொன்ன வசனத்தை நாற்பதாண்டு மேடைகளில் முழங்கிவிட்டீர்கள். அடுத்த மீலாது மேடையில் எழுதுகோலைப் பற்றிய வசனத்தையும் சேர்த்து ஓதுங்கள். ஓதிவிட்டு, அந்த எழுதுகோலை உங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள். அவள் என்ன எழுதுவாளோ என்று அஞ்சாதீர்கள். தன் பெயரில் உள்ளதைத் தானே படித்துத் தானே ஒப்பமிடும் பெண்ணைக் கண்டு அஞ்சவேண்டியவர், அவளுக்கு உரியதைக் கவர்ந்தவர் மட்டுமே.