சோற்றை நீக்கிய கணக்கு

ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு அருகிலுள்ள ஒரு மலையாளிக் குடியானவர், தாம் விளைத்த சாமையையும் காட்டுப் புளியையும் விற்று, அந்தக் காசில் பருப்பும் எண்ணெயும் மிளகாயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய செலவுக் கணக்கிலிருந்து தின்பதையும் எரிப்பதையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது பஸ் சார்ஜும் துணியும் மருந்தும் பிள்ளையின் படிப்புச் செலவுமே. இந்த மிச்சத்தின் விலையேற்றத்துக்குத்தான் நிபுணர்கள் ‘மையப் பணவீக்கம்’ என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். உணவை நீக்கிய பணவீக்கத்தையே தேசத்தின் இலக்காகக் கொள்வது பற்றி யோசிக்க வேண்டுமென்று 2024 ஜூலையில் சர்க்காரின் பொருளாதார ஆய்வறிக்கை கூறிற்று. 2025 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கும் ஒரு விவாதப் பத்திரத்தின் மூலம் இக்கேள்வியை ஜனங்கள் முன் வைத்தது.

இந்த யோசனையில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மழை பொய்த்தால் தக்காளி விலை ஏறும்; அடுத்த அறுவடையில் இறங்கிவிடும். வட்டியை உயர்த்துவதால் ஒரு தக்காளிச் செடியும் அதிகமாகக் காய்த்துவிடாது. ஆகவே, வந்து போகும் ஆட்டத்தை விலக்கி, நிலைத்து நிற்கும் போக்கை மட்டும் காண ஒரு கண்ணாடி வேண்டும் என்பது சரியே. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்கர்கள் இக்கண்ணாடியைத் தயாரித்துக்கொண்டார்கள். ஆனால் அந்நாட்டு விலைக் குறியெண்ணில் உணவின் பங்கு நூற்றுக்கு 15-க்கும் குறைவு.

நம் நாட்டு நிலை என்ன? 2012-ஐ அடிப்படையாகக் கொண்டு 2015 முதல் வெளியிடப்பட்ட குறியெண்ணில் உணவு, பானங்களின் பங்கு 45.86. கிராமங்களுக்கு மட்டும் எடுத்தால் 54.18. அதோடு அடுப்பு, விளக்குச் செலவு 7.94. இரண்டையும் நீக்கினால் கிராமவாசியின் ரூபாயில் 38 காசுதான் கணக்கில் நிற்கும். ஐந்தில் மூன்று பங்கை வெட்டியெறிந்தபின் எஞ்சியதற்கு ‘மையம்’ என்று பெயர்! விலக்கும் முறையிலும் ஒரு விசித்திரமுண்டு. எரிபொருளை நீக்கினோம் என்கிறார்கள். வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலோ போக்குவரத்துத் தலைப்பில் ஒளிந்து உள்ளேயே இருந்தது. 2024-ஐ அடிப்படையாகக் கொண்டு 2026 பிப்ரவரியில் வந்த புதிய வரிசையில் உணவின் பங்கு ஏறத்தாழ 37-ஆகக் குறைந்திருக்கிறது. அதுவும் தேச முழுமைக்குமான சராசரிதான். சென்னை மாடிவீட்டின் கணக்கும் மலைக்குடிசையின் கணக்கும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன.

இரண்டு மாதங்களை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். 2024 அக்டோபரில் பொதுப் பணவீக்கம் 6.21 சதவிகிதம், உணவு விலையேற்றம் 10.87. மையப் பணவீக்கமோ 4-க்கும் கீழே. மையமே இலக்காயிருந்தால், ஏழைவீட்டுப் பானை கொதிக்காத அம்மாதத்தில் ‘இலக்கு எய்தினோம்’ என்று மகிழ்ந்திருப்பார்கள். 2025 அக்டோபரில் நிலைமை தலைகீழாயிற்று. உணவு விலை 5.02 சதவிகிதம் வீழ்ந்தது, பொதுப் பணவீக்கம் 0.25-க்கு இறங்கிற்று. மையமோ 4-க்கு மேலேயே நின்றது. முக்கிய காரணங்களில் ஒன்று தங்கம். நகை விலை ‘மையத்தில்’ சேர்ந்தது! விளைபொருளுக்கு விலை கிடைக்காமல் குடியானவன் தவித்த மாதத்தில், தங்கத்தைக் காட்டி விலைவாசி ஏறுகிறது என்று சாதித்திருக்கலாம்.

உணவு விலை நீடித்து ஏறினால் கூலிக்காரன் கூலியை உயர்த்திக் கேட்பான், அது மற்றப் பண்டங்களின் விலையிலும் ஏறும். உர்ஜித் படேல் கமிட்டி 2014 ஜனவரியில் இதை ஆராய்ந்தே, உணவும் எரிபொருளும் நுகர்வில் 57 சதவிகிதத்துக்கு மேலிருக்கையில் அவற்றை நீக்கிய இலக்கு பொருந்தாதென்று முடிவு கூறிற்று. 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, பொதுப் பணவீக்கத்துக்கே, மேலும் கீழும் 2 விட்டு, 4 சதவிகித இலக்கு வைக்கப்பட்டது.

ஆட்டத்தை விலக்குவதுதான் நோக்கமென்றால் அதற்கு வேறு வழியுண்டு. ஒவ்வொரு மாதமும் மிக அதிகமாக ஏறிய பண்டங்களையும் மிக அதிகமாக இறங்கியவற்றையும், அவை தக்காளியாயினும் தங்கமாயினும், இரு முனையிலும் கத்தரித்துவிட்டு நடுவில் நிற்பதைச் சராசரி காணலாம். அதில் முன்கூட்டியே எந்தப் பண்டமும் பகிஷ்கரிக்கப்படுவதில்லை. அந்த எண்ணை மாதந்தோறும், கிராமத்துக்கும் நகரத்துக்கும் தனித்தனியே, பொதுக் குறியெண்ணுடன் புள்ளிவிவர இலாகா வெளியிடட்டும். ரிசர்வ் பாங்க் அதைக் கண்ணாடியாக அணிந்து பார்க்கட்டும். இலக்கு மட்டும் பருப்பும் எண்ணெயும் அடங்கிய முழுக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.