துக்கத்துக்குக் கெடு வைக்க இவர் யார்?

நீலகிரியில் எமரால்டு பக்கம் சாவு வீடுகளுக்கு வந்து போனவர், எங்கள் மலையில் யாருக்கும் துக்கப்படத் தெரியவில்லை என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். படுகர் ஊரான ஹட்டியில் பிணத்தைச் சுற்றி ஆடியதும், தேயிலைத் தோட்ட லைன் வீட்டு வாசலில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்ததும் அவருக்கு அநாகரிகமாகப் பட்டிருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளை வரிசையாகக் கடந்து ஒரு மாதத்தில் தேறிவிட வேண்டுமாம். தேறாதவர்கள் பலவீனர்களாம். இதைப் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி படித்தால் என்ன ஆவாள் என்று அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

முதலில் அந்த ஐந்து படிகள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றை எழுதியது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி. இழந்தவர்களை ஆராய்ந்து எழுதியதல்ல. எல்லாரும் இந்த வரிசையில்தான் போவார்கள் என்பது தன் கருத்தே அல்ல என்று கடைசி நாட்களில் அவரே விளக்க வேண்டியிருந்தது. ஒரு மாதக் கெடு அதைவிட மோசம். நீண்டு நிற்கும் துக்கத்தை நோயாகக் கருத உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 6 மாதம் காத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022-ல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வைத்தது. ஒரு மாதம் என்பது இவை இரண்டிலும் இல்லாத கணக்கு.

ஒப்பாரி புண்ணைக் கிளறுகிறதாம். உட்கார்ந்து கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்களின் பெண்கள், தோளில் தோள் சாய்த்து வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். கடைக் கடனை என் தலையில் போட்டுவிட்டுப் போனாயே என்று செத்தவனையே ஒருத்தி திட்டுவாள். மருந்துக்குக் காசு கேட்டபோது முகம் திருப்பிய கொழுந்தனை, அவன் நின்றுகொண்டிருக்கும்போதே பாட்டுக்குள் இழுப்பாள். வேறெந்த நாளிலும் அவள் வாய் திறக்க முடியாத பேச்சு அது. அன்று ஊரே கேட்கும், ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் தன் பழைய சாவைச் சொல்லி அடுத்த அடியை எடுப்பாள்.

படுகர் சாவிலும் வெறும் ஆட்டமும் வாத்தியமும் மட்டும் இல்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் செத்தவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். கூட்டம் சேர்ந்து குரல் கொடுக்கும். முன்பு அந்தப் பாவங்களை ஓர் எருமைக் கன்றின்மேல் இறக்கி விரட்டிவிடுவார்கள். வரப்பைத் தள்ளிப் போட்ட பகையும் அன்றோடு தீரட்டும் என்று சொந்த பந்தம் கூடி நின்று கேட்கும் காரியம் அது. கட்டுரையாளர் அதுவரை இருந்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

சாவுச் செலவு கடனில் தள்ளுகிறது என்று அவர் சொல்வது மட்டும் உண்மை. அதைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்காக அழுகையைக் குறைக்கச் சொல்வது என்ன நியாயம்?

சாவு நடந்து 16-ஆம் நாளுக்கு முன்பே தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன பெண்ணை மனவலிமைக்கு உதாரணமாக அவர் காட்டுவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 20 நாள் உழைத்தால் 1 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிய 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், சாவுக்கென்று ஒரு நாளும் தரவில்லை. போகாவிட்டால் கூலி இல்லை. அதனால் போனாள். நிரையில் அவள் கை ஓடாமல் நின்றபோது இரு பக்கத்துப் பெண்களும் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் பையில் போட்டார்கள். பாராட்டுவதானால் அவர்களைப் பாராட்டட்டும்.

கெடுவுக்கு அடங்காத துக்கமும் உண்டு. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த மாவட்டத்தில் உயிர்கள் போயின. இன்றும் ஓட்டில் மழை பலமாக விழுந்தால் எழுந்து உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று இவர் சொல்வாரா?

மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், சாக வேண்டும் என்ற நினைப்பிலேயே கிடப்பவர்களுக்கு உதவி தேவை. அவர்களைப் பலவீனர்கள் என்று எழுதினால் யாரிடம் வாய் திறப்பார்கள்? கட்டுரையாளருக்கு உண்மையில் அக்கறை இருந்தால் அடுத்த கட்டுரையில் இதையாவது போடட்டும்: டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.