முதலில் ஷூ, அப்புறம்தான் பெடல்

ரோடு பைக் வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆனவர்களுக்கு ஒரு புது ஆசை வந்து ஒட்டிக்கொள்ளும். கூட ஓட்டுகிறவர்கள் சிக்னலில் நின்று கிளம்பும்போது காலடியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஷூவின் அடியில் இருக்கும் கிளீட், பெடலோடு பூட்டிக்கொள்ளும் சத்தம் அது. அதைக் கேட்டவருக்கு அன்று ராத்திரியே தேடல் ஆரம்பித்துவிடும். எந்த பெடல், எந்த கம்பெனி, எவ்வளவு விலை?

பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ரேஸ் ஓட்டுகிறவர் காலில் என்ன இருக்கிறது என்று பார்த்து முதலில் பெடலை முடிவு செய்கிறார்கள். மிச்சக் காசில் அதற்குப் பொருந்துகிற ஷூவை வாங்குகிறார்கள். இது தலைகீழ் கணக்கு. நாலு மணி நேரம் கால் இருக்கப்போவது ஷூவுக்குள். அதனால் முதலில் ஷூ, அதுவும் இறங்கி நடக்க முடிகிற ஷூ. ரேஸ் பெடல், ரேஸ் ஓட்டுகிறவர்களுக்குப் போதும்.

பெயரே குழப்பம்

காலைப் பூட்டிவைக்கிற பெடலுக்கு 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்று பெயர்! காரணம் பழைய கதை. அந்தக் காலத்தில் பெடலின் முன்னால் ஒரு கூண்டும், காலை இறுக்கிக் கட்ட ஒரு வாரும் இருக்கும். அந்தக் கூண்டுக்குத்தான் 'டோ கிளிப்' என்று பெயர். அது இல்லாமலே காலைப் பிடித்துக்கொள்கிற பெடல் வந்ததும் அதற்கு 'கிளிப்லெஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவிகளைச் செய்துவந்த பிரெஞ்சு கம்பெனி 'லுக்', அதே யோசனையை 1984-ல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே அந்த பெடலோடு பெர்னார்ட் இனோ டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். அப்புறம் ரேஸ் உலகம் முழுக்க அதன் பின்னால் போனது. ஆனால் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு வேறு பிரச்னை. அவர்கள் நடுநடுவே இறங்கி, சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அவர்களுக்காக ஷிமானோ 1990-ல் 'எஸ்பிடி'யைக் கொண்டுவந்தது. சின்ன இரும்பு கிளீட், ஷூவின் அடியில் ஒரு பள்ளத்துக்குள் மறைந்திருக்கும். நடந்தால் தரையில் படுவது பெரும்பாலும் ரப்பர்தான்.

இன்றைக்கும் கடையில் இருக்கும் முக்கியமான இரண்டு வகை இவைதான். ரோடு ரேஸுக்கான 3-போல்ட் (லுக் கியோ, ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல்), நடக்கவும் ஏற்ற 2-போல்ட் (எஸ்பிடி). ரோடு பைக்குக்கு ரோடு பெடல்தான் மாட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெடலின் மரை இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேகம் கூடுமா?

'கீழே மிதிப்பதோடு மேலேயும் இழுக்கலாம், அதனால் சக்தி வீணாகாது' என்று கடைக்காரர் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2007-ல் கோர்ஃப் என்பவரும் குழுவினரும் செய்த ஆய்வில், வேண்டுமென்றே காலை மேலே இழுத்து ஓட்டியவர்களின் திறன் குறைந்தது, கூடவில்லை. 2016-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ராவும் கிராமும் இன்னொன்றைப் பார்த்தார்கள். சாதா பெடலில் ஓடுகிற ஷூ போட்டு ஓட்டினாலும், கிளிப்லெஸ் பெடலில் சைக்கிள் ஷூ போட்டு ஓட்டினாலும், நிதானமாக ஓட்டும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் எல்லாம் ஏமாற்றா? இல்லை. முழு மூச்சாக ஸ்பிரின்ட் அடிக்கும்போது பூட்டிய கால் கூடுதல் சக்தி தருகிறது. மேடுபள்ளத்தில் கால் வழுக்காது. ஒவ்வொரு மிதிக்கும் கால் ஒரே இடத்தில் இருக்கும். வாங்குவதற்கு இந்தக் காரணங்கள் போதும். 'சராசரி வேகம் கூடும்' என்று நம்பி வாங்கினால் மட்டும் ஏமாற்றம்தான். அந்தப் பலன்களும் 2-போல்ட்டிலேயே கிடைத்துவிடுகின்றன.

சிக்னலில் விழுவது

புதிதாகக் கிளிப்லெஸ் போட்டவர்கள் வேகமாகப் போகும்போது விழுவதைவிட, நிற்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். கால் பூட்டியிருப்பது மறந்துபோய், பழைய ஞாபகத்தில் காலை மேலே தூக்குவார்கள். வராது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். அது ஞாபகம் வருவதற்குள் சைக்கிள் சாய்ந்திருக்கும்.

வேறு ஊரில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருக்கலாம். சென்னை மாதிரி ஊரில் அப்படியில்லை. இங்கே வண்டிகள் இடது பக்கம் போகின்றன. ஓரமாக நிற்கிறவர் வலது பக்கம் சாய்ந்தால், பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால் விழுகிறார். அதனால் சிக்னல் தெரிந்ததுமே, நிற்பதற்கு முன்பே, இடது காலை விடுவித்து இடது பக்கம் சாய்கிற பழக்கம் உடம்பில் ஏற வேண்டும். முதல் வாரம் புல்தரையிலோ சுவரைப் பிடித்துக்கொண்டோ நூறு தடவை பூட்டித் திறந்து பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

இதிலும் 2-போல்ட் பெடலே கருணை காட்டுகிறது. பெரும்பாலான எஸ்பிடி பெடல்களில் இரண்டு பக்கமும் பூட்டு உண்டு. 3-போல்ட் பெடலில் ஒரு பக்கம்தான். பின்னால் ஹாரன் அலறும்போது காலால் பெடலைப் புரட்டித் தேட வேண்டும். எஸ்பிடி-யில் பிடிப்பின் இறுக்கத்தை ஆலன் கீயால் மிகவும் தளர்த்தி வைக்கலாம். 'எஸ்எச்56' என்ற கிளீட்டை மாட்டினால் பக்கவாட்டில் மட்டுமில்லாமல் வேறு திசைகளில் திருகி இழுத்தாலும் கால் விடுபடும். புதியவர்கள் அதிலிருந்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

முழங்கால் ஒன்றுதான் இருக்கிறது

ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு கால் ஐயாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. கிளீட் கொஞ்சம் கோணலாக இருந்தால் அத்தனை தடவையும் முழங்கால் திருகப்படுகிறது. பூட்டிய பிறகும் குதிகால் கொஞ்சம் அசைய இடம் விடுவதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் மஞ்சள் என்றால் 6 டிகிரி, நீலம் 2, சிவப்பு 0. லுக் கியோவில் சிவப்பு என்றால் 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு 0. அதாவது ஒரு கம்பெனியில் அசையவே விடாத சிவப்பு, இன்னொன்றில் அதிகம் அசையவிடுகிறது! நிறத்தை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆரம்பத்தில் 0 டிகிரி பக்கமே போக வேண்டாம்.

கிளீட்டை மாட்டும்போது பெருவிரலின் அடியில் இருக்கும் எலும்பு முண்டு, பெடலின் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ வரவேண்டும். உயரமான மேஜையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும். கிளீட்டும் அதை ஒட்டியே இருக்கட்டும். பழைய கிளீட்டைக் கழற்றும் முன் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் புதியதை அதே இடத்தில் மாட்டலாம்.

ஷூவில் பார்க்க வேண்டியது

சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, சைக்கிள் ஓட்டும் சாக்ஸோடு போட்டுப் பார்க்க வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. 42 என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு கம்பெனியின் 42-ம் வேறு வேறு. பாதத்தை மில்லிமீட்டரில் அளந்து அந்தந்த கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிடுவதே சரி. அகலமான பாதம் இருந்தால் 'வைட்' என்று தனியாக வரும் மாடலைக் கேட்க வேண்டும். நீளத்தை ஒரு சைஸ் கூட்டி வாங்குவது அதற்குத் தீர்வு ஆகாது.

2-போல்ட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான குறை ஒன்று உண்டு. கிளீட் சின்னது, அதனால் அழுத்தம் ஒரே இடத்தில் விழுந்து பாதம் எரியும் என்பது. வளைகிற அடிப்பகுதி உள்ள மலிவு ஷூவில் அது உண்மைதான். விறைப்பான அடிப்பகுதி உள்ள ஷூவில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் பணத்தைப் பெடலில் மிச்சம் பிடித்து ஷூவில் போட வேண்டும். அதற்காக கார்பனுக்குப் போக வேண்டியதில்லை, நல்ல நைலான் அடியே போதும்.

2-போல்ட் என்றால் ஏதோ கற்றுக்குட்டிகளுக்கானது என்ற எண்ணமும் தவறு. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று போகும் பிரெவே ஓட்டங்களில் கலந்துகொள்கிறவர்கள் பலர் எஸ்பிடி-தான் போடுகிறார்கள். கட்டுப்பாட்டு மையத்தில் இறங்கி அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், சாப்பிட வேண்டும், ராத்திரி பஞ்சர் ஆனால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். 3-போல்ட் ஷூவில் டீக்கடை டைல்ஸில் நடப்பது சர்க்கஸ்.

கல்லூரிக்கும் அதே சைக்கிள்தானா? ஒரு பக்கம் எஸ்பிடி, மறு பக்கம் தட்டையாக இருக்கும் பெடல்களும் (ஷிமானோ இஎச்500 மாதிரி) இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஷூவோடு நீண்ட ஓட்டம், திங்கட்கிழமை செருப்போடு வகுப்பு.

இன்னும் தயக்கம் இருக்கிறவர்கள் சாதா பெடலிலேயே ஓட்டட்டும், ஒரு குறையும் இல்லை. நிஜமாகவே ரேஸில் இறங்குகிறவர்கள் 3-போல்ட் வாங்கட்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்துக்கு, காலுக்குச் சரியான 2-போல்ட் ஷூவும் சாதாரண எஸ்பிடி பெடலும் போதும். 'டக்' என்ற சத்தம் அதிலும் கேட்கும்.