பழைய முண்டும் கைக்குழந்தையும்

திருவனந்தபுரத்தை அடுத்த பலராமபுரத்தின் கைத்தறிக்கு வேர் தமிழ் மண்ணில் இருக்கிறது. மன்னர் பலராமவர்மா (1798-1810) காலத்தில் தெற்குத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள் தொடங்கிய தொழில் அது. பலமுறை துவைத்து நைந்த முண்டு கடைசியில் போய்ச் சேருமிடம் கைக்குழந்தையின் படுக்கை. இப்போது அந்த இடத்தைக் கடைப் பஞ்சு விரிப்பு பிடித்துவிட்டது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் தடித்த பஞ்சு லேசில் காயாது. ஈரம் தங்கினால் பூஞ்சைதான்.

ஒட்டுத் துணி விரிப்பை வீட்டிலேயே தைக்கலாம். துவைத்து உலர்த்திய பழைய முண்டு, பருத்திச் சேலைகளில் 8 அங்குலச் சதுரங்களாக 20 வெட்ட வேண்டும். கசவுக் கரை வேண்டாம், சருமத்தை உராயும். வரிசைக்கு 4 வீதம் 5 வரிசை. நாற்புறமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 28க்கு 35 அங்குலம் கிடைக்கும். பஞ்சுக்குப் பதில் நடுவில் ஒரு முண்டுத் துணி, அடியில் இன்னொன்று. மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் முடிந்தது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவண்டி'யும் பழந்துணிதான். அவர்கள் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள்.

அழகுக்காக மணி, பொத்தான் வைக்கக் கூடாது. பிய்ந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும். குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர்கள் பார்வையில், தரையில் விரிக்கவே இது. ஒரு வயது நிரம்பும்வரை தூங்கும் குழந்தைக்கு இதைப் போர்த்த வேண்டாம். முகத்தை மூடினால் மூச்சுத் திணறும் என்று குழந்தை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.