வேல்ஸின் கல்வித் தன்னாட்சி: 1907-ஐ எப்படி எழுதுவது?

1907-இல் லண்டனின் கல்வி வாரியத்துக்குள் வேல்ஸுக்கென ஒரு தனித் துறை அமைக்கப்பட்டது. வேல்ஸ் மக்கள் கல்வித் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது என்று எழுதுவதை எங்கள் வரலாற்று ஆசிரியர் வட்டம் ஏற்கவில்லை. வகுப்பறையில் அப்படிச் சொல்லித்தரவும் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு.

அந்தத் துறை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1902 கல்விச் சட்டம் ஆங்கிலிக்கத் திருச்சபைப் பள்ளிகளின் செலவை உள்ளூர் வரிப்பணத்தின் மேல் ஏற்றியது. வேல்ஸில் வழிபாட்டுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் போன்ற வேறு சபைகளைச் சேர்ந்தவர்கள். பல கிராமங்களில் இருந்ததோ திருச்சபைப் பள்ளி ஒன்றுதான். தங்கள் பிள்ளைகளுக்கு வேறு சபையின் கோட்பாட்டைக் கற்பிக்கும் பள்ளிக்குத் தாங்களே வரி கட்டுவதா என்று அவர்கள் கொதித்தார்கள். லிபரல் நாடாளுமன்ற உறுப்பினர் லாயிட் ஜார்ஜ் முன்நின்றார். கவுண்டி மன்றங்கள் பணம் தர மறுத்தன. 1904 தேர்தலில் 13 கவுண்டி மன்றங்களும் லிபரல்கள் கைக்கு வந்தன. அதே ஆண்டு லண்டன் ஒரு சட்டம் இயற்றியது: மன்றம் தராத பணத்தை அரசே பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, அந்த மன்றத்துக்குரிய மானியத்தில் பிடித்துக்கொள்ளும். வேல்ஸில் அதை அடக்குமுறைச் சட்டம் என்றே அழைத்தார்கள்.

1906 பொதுத்தேர்தலில் வேல்ஸில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டின் கல்வி மசோதாவில் வேல்ஸுக்கென ஒரு கல்வி மன்றம் அமைக்கும் திட்டம் இருந்தது. பிரபுக்கள் சபையோடு நேர்ந்த மோதலில் மசோதாவே கைவிடப்பட்டது. மன்றம் கேட்ட மக்களுக்கு மறு ஆண்டு கிடைத்தது, ஓர் அரசுத் துறை.

அதன் தலைமை ஆய்வாளர் ஓ. எம். எட்வர்ட்ஸின் பணியை நாங்கள் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. பள்ளியில் வெல்ஷ் பேசியதற்குத் தண்டனையாகக் கழுத்தில் மரத்துண்டு மாட்டப்பட்ட சிறுவன் அவர். 1920-இல் இறக்கும்வரை அந்த மொழிக்கு வகுப்பறையில் இடம் கிடைக்கப் பாடுபட்டார். ஆனாலும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது லண்டன் அமைச்சருக்கு. நல்ல அதிகாரி ஒருவர் வாய்த்ததை மக்களாட்சி என்று கணக்கில் எழுத முடியாது.

இதற்கு 1909-இல் நடந்ததே சான்று. இடைநிலைப் பள்ளிகளுக்குத் தேர்வு நடத்தும் மத்திய வெல்ஷ் வாரியம் 1896 முதலே இயங்கிவந்தது. அந்த வாரியத்தின் தேர்வுமுறை மாணவரின் சிந்தனையை மரத்துப்போகச் செய்கிறது என்று துறையின் அறிக்கை சாடியது; வாரியம் சீறியது. எட்வர்ட்ஸ் பக்கம் நியாயம் இருந்தது என்றே கருதுகிறோம். எனினும், இரண்டு தரப்பையும் அழைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேல்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த அவை எதுவும் இல்லை. தன்னாட்சி என்பது அந்த அவைதான் என்கிறோம்.

அதை நாடாளுமன்ற உறுப்பினர் ஈ. டி. ஜான் 1914-இல் தன் மசோதா வழியாகக் கேட்டார், அது சட்டமாகவில்லை. அதிகாரப் பகிர்வு குறித்து ஆராய்ந்த சபாநாயகர் மாநாடும் 1920-இல் ஒருமித்த முடிவின்றிக் கலைந்தது. இதற்கிடையே, 1901-இல் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பேசிய வெல்ஷ் மொழியை 1921-இல் 37 விழுக்காட்டினரே பேசினர். தொழில்வளர்ச்சியும் குடிபெயர்வும் இதற்குக் காரணங்கள். அவற்றை எதிர்கொள்ள வேல்ஸின் கையில் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை.

எனவே 1907-ஐப் பாடநூல்கள் நிர்வாகப் பகிர்வு என்றே குறிப்பிட வேண்டும். அதற்கு முந்தைய கவுண்டி மன்றங்களின் மறுப்பை அடிக்குறிப்பிலிருந்து எடுத்துப் பாடத்தின் தொடக்கத்தில் வைக்க வேண்டும் என்றும் கோருகிறோம்.