இனிஷியல் எங்கே போச்சு, பாஸ்?

தை முதல் நாள்னா அவனியாபுரம். வாடிவாசல் திறக்கும், திமில் தெரியும், புழுதி பறக்கும். ஆனா இப்பல்லாம் வாடிவாசலுக்கு முன்னாடியே இன்னொரு வாசல் திறந்துடுது. மாவட்ட நிர்வாகத்தோட வெப்சைட்! 2022-லேர்ந்து காளைக்காரரா இருந்தாலும் சரி, மாடுபிடி வீரரா இருந்தாலும் சரி, ஆன்லைன்ல பேர் பதிஞ்சாத்தான் ஆட்டம். 2025 ஜனவரியில அவனியாபுரத்துக்கு மட்டும் 2,026 காளைகள், 1,735 வீரர்கள். பாலமேடு, அலங்காநல்லூரையும் சேர்த்தா 12,632 காளைகள், 5,347 வீரர்கள். ஆவணமெல்லாம் சரிபார்த்து, ஓகே ஆனவங்களுக்குத்தான் டோக்கன் டவுன்லோடு. ஆக, காளையை அடக்குறது அப்புறம். முதல்ல ஃபாரத்தை அடக்கணும்!

எந்த ஃபாரத்தை எடுத்தாலும் முதல் கட்டம் பேருதான். அங்கேயே நம்மாளுங்க கை நிக்கும். எல்லாம் கேப்பிடல்லயா, முதல் எழுத்து மட்டுமா? இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா? நடுவுல புள்ளியா, ஸ்பேஸா? எக்ஸாம், ஸ்காலர்ஷிப், கேம்பஸ் இன்டர்வியூ, பாஸ்போர்ட்னு வரிசையா இதே கேள்வி. ப்ரவுஸிங் சென்டர் அண்ணன்கிட்ட கேட்டா, "கேப்பிடல்ல போடு தம்பி, அதான் சேஃப்டி" என்பார்.

நம்ம தமிழுக்கு இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. பெரிய 'அ', சின்ன 'அ'ன்னு ரெண்டு இல்லை. வந்ததெல்லாம் இங்கிலீஷோட வந்த வம்பு. பேப்பர் ஃபாரத்துல 'பிளாக் லெட்டர்'ல எழுதச் சொன்னது உங்க கோழிக்கிறுக்கலைப் படிக்கணுமேன்னுதான். கம்ப்யூட்டர் கதை வேற. 1963-ல வந்த முதல் 'ஆஸ்கி' பட்டியல்ல சின்ன எழுத்தே கிடையாது. 1967-ல திருத்தினப்பதான் அதுக்கு இடம் கிடைச்சுது. பெரிய 'ஏ'வுக்கு நம்பர் 65, சின்ன 'ஏ'வுக்கு 97. 'இசட்' வரைக்கும் எல்லா ஜோடிக்கும் அதே 32 வித்தியாசம். அதனால ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறது மெஷினுக்கு அல்வா சாப்பிடுற வேலை.

உங்க பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோ பக்கத்துல அடியில பாருங்க. ரெண்டு வரி, வரிக்கு 44 இடம். மொத்தமும் கேப்பிடல், நம்பர், அம்புக்குறி மாதிரி ஒரு அடையாளம், அவ்வளவுதான். சின்ன எழுத்துக்கு உள்ளே அனுமதியே இல்லை. ஃப்ளைட் டிக்கெட்டும் அப்படித்தான். ஜிமெயில் ஐ.டி-யை எப்படி அடிச்சாலும் மெயில் வந்து சேரும். பாஸ்வேர்டு மட்டும்தான் கறார். அதனால 'சின்ன எழுத்துல அடிச்சுட்டேனே, ரிஜெக்ட் ஆகிடுமோ'ன்னு ராத்திரி முழிச்சிருக்க வேண்டாம்.

வம்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, ஃபாரம் எழுதுற புரோகிராமர் உங்க பேருக்கு மேக்கப் போட நினைக்கும்போது! மொத்தப் பேரையும் சின்ன எழுத்தாக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் எழுத்தை மட்டும் பெருசாக்குவாங்க. பி.ஹெச்.பி-யில 'யூ.சி.வேர்ட்ஸ்'னு இதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு. சும்மா விட்டா அது ஸ்பேஸுக்கு அடுத்த எழுத்தைத்தான் கவனிக்கும், புள்ளியைக் கண்டுக்காது. 'எஸ்' போட்டு, புள்ளி வெச்சு, ஒட்டினாப்ல பாண்டியன்னு அடிச்சா, எஸ் பெருசா நிக்கும், பாண்டியனோட 'பி' குட்டியா ஒடுங்கி நிக்கும். எக்ஸல்ல 'ப்ராப்பர்'னு ஒரு ஃபார்முலா, அது புள்ளிக்கு அடுத்ததையும் பெருசாக்கும். ஒரே காலேஜ்ல ஐ.டி. கார்டுல ஒரு பாண்டியன், மார்க் லிஸ்ட்ல இன்னொரு பாண்டியன்!

புள்ளி இல்லாம இனிஷியலைச் சேர்த்து அடிச்சா இன்னும் கூத்து. எம்-மும் எஸ்-ஸும் ஒட்டி நிக்கற தோனி, இந்த மேக்கப் ரூமுக்குள்ள போனா 'மிஸ் தோனி'யா வெளியே வருவார். எம்.ஆர்.ராதா 'மிஸ்டர் ராதா' ஆயிடுவார். டி.ஆர். இனிஷியல்காரங்க பிஎச்.டி. பண்ணாமலே டாக்டர்! (எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு மட்டும் கணக்கு கச்சிதமாப் பொருந்தும்.) இது நம்ம ஊர்ச் சிக்கல் மட்டுமில்லை. மெக்டொனால்ட்ல நடுவுல வர்ற 'டி' பெருசா இருக்கணும், அதைச் சின்னதாக்கிடுவாங்க. துருக்கியில புள்ளி வெச்ச 'ஐ', புள்ளியில்லாத 'ஐ'ன்னு ரெண்டு தனி எழுத்து. இங்கிலீஷ் கணக்குல பெருசாக்கினா எழுத்தே மாறிடும். பேட்ரிக் மெக்கென்ஸிங்கிற புரோகிராமர் 2010-ல, பேர்களைப் பத்தி புரோகிராமருங்க நம்புற பொய்கள்னு ஒரு பட்டியலே போட்டார். பெரிய எழுத்து சின்ன எழுத்து முக்கியம்னு நம்புறதும் பொய், முக்கியமில்லைன்னு நம்புறதும் பொய்ங்கறார் அதுல.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, உங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரம் எழுதப்போறது நீங்கதானே? அவங்க அடிச்சதை அடிச்சபடியே சேவ் பண்ணுங்க. ஒரே ஆளான்னு ஒப்பிடும்போது மட்டும் பெருசு சின்னதைக் கண்டுக்காதீங்க. சப்மிட்டுக்கு முன்னாடி, 'சர்ட்டிஃபிகேட்ல உங்க பேர் இப்படித்தான் வரும், சரியா?'ன்னு ஒருதடவை காட்டிடுங்க. முக்கியமா, 'லாஸ்ட் நேம்' கட்டத்துல அந்தச் சிவப்பு ஸ்டாரைப் போட்டு உயிரை எடுக்காதீங்க.

ஏன்னா நிஜமான ஆபத்து அந்தக் கட்டத்துலதான். நமக்கு ஏது லாஸ்ட் நேம்? அப்பா பேரோட முதல் எழுத்து, அவ்வளவுதான். விஸ்வநாதன் ஆனந்தையே எடுத்துக்குங்க. அவர் பேர் ஆனந்த். விஸ்வநாதன் அவங்க அப்பா. முன்னாடி நிக்கறதுதான் சொந்தப் பேருன்னு நினைச்சு, செஸ் உலகமே அவரை 'விஷி'ன்னு கூப்பிட்டுது. அப்பா பேரைச் சுருக்கி மகனைக் கூப்பிட்டிருக்காங்க! 2024 டிசம்பர்ல உலக சாம்பியன் ஆன குகேஷ் பேர்ல 'டி'ங்கற இனிஷியல் இனிஷியலாவே நிக்குது.

அது ஜாலி. இது ஜாலி இல்லை. பாஸ்போர்ட்ல 'சர்நேம்' காலியா இருந்தா, அமெரிக்க விசாவுல உங்க பேர் சர்நேம் இடத்துக்குப் போயிடும். முதல் பேர் இருக்க வேண்டிய இடத்துல எஃப்.என்.யூ.ன்னு மூணு எழுத்து வரும். 'முதல் பேர் தெரியாது'ன்னு அர்த்தம். அங்கே போன பிறகு பேங்க், டிரைவிங் லைசென்ஸ்னு ஒவ்வொரு கவுன்ட்டர்லயும் இதை விளக்கிட்டே இருக்கணும். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசா, டூரிஸ்ட் விசாவுல உள்ளே விடமாட்டோம்னு சொல்லிடுச்சு. பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு பிறகு விளக்கம் வந்துச்சு. பக்கத்துலயே ஏர்போர்ட்டை வெச்சிருக்கிற அவனியாபுரம் பசங்களுக்கு இந்த நியூஸோட கனம் புரியும். வளைகுடா போகாத வீடு நம்ம பக்கம் எத்தனை?

பான் கார்டுலயும் இந்தக் கதை ஒளிஞ்சிருக்கு. கையில இருந்தா அஞ்சாவது எழுத்தைப் பாருங்க. அது உங்க 'லாஸ்ட் நேம்' இடத்துல என்ன போட்டாங்களோ, அதோட முதல் எழுத்து. அப்பா பேரைப் போட்டிருந்தா அப்பா எழுத்து நிக்கும். (2021 டிசம்பர்ல தமிழக அரசு இனிஷியலையும் தமிழ்லயே எழுதச் சொல்லி ஆணை போட்டுச்சு. நல்ல விஷயம். ஆனா அப்பா பேர் சுந்தரம்னா இங்கிலீஷ்ல 'எஸ்', தமிழ்ல 'சு'. ரெண்டும் ஒரே அப்பாதான்னு உங்களுக்குத் தெரியும், ஃபாரத்துக்குத் தெரியுமா?)

இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பான் மூணையும் மேஜையில வரிசையா வைங்க. எழுத்து பெருசா சின்னதான்னு பார்க்காதீங்க. இனிஷியல் எந்தப் பக்கம், விரிச்சிருக்கா சுருக்கமா, அப்பா பேரோட ஸ்பெல்லிங்ல ஒரு 'ஹெச்' கூடவோ குறையவோ இருக்கா, அதைப் பாருங்க. பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணும்போது இனிஷியலை விரிச்சுத்தான் எழுதணும். உங்க பேர் 'கிவன் நேம்'ல, அப்பா பேர் 'சர்நேம்'ல போட்டா மேலே சொன்ன தலைவலி பெரும்பாலும் வராது. மூணுல ஒண்ணு ஒட்டாம நின்னா, இப்பவே திருத்த மனு போடுங்க. ஃபைனல் இயர்ல ஆஃபர் லெட்டர் வந்த பிறகு, ஜாயினிங் டேட்டுக்குப் பத்து நாள் முன்னாடி ஈ-சேவை மைய வாசல்ல நிக்கறது ரொம்ப நீளமான க்யூ!